ஓட்டம், தாவல், எறிதல்: 3 முதல் 5ஆம் வகுப்பு வரை கற்றுக்கொடுப்பதும் மதிப்பிடுவதும்

கேட்கப்பட்டது இது: வலங்கைமான் பக்கம் ஓர் ஒன்றிய நடுநிலைப் பள்ளி. 3, 4, 5 வகுப்புகளில் சேர்த்து 42 பிள்ளைகள். பி.இ.டி. (உடற்கல்வி ஆசிரியர்) கிடையாது, விளையாட்டுப் பாடவேளையையும் வகுப்பாசிரியரே பார்க்க வேண்டும். 50 மீட்டர் ஓட்டத்துக்கு ஸ்டாப் வாட்ச், தாவலுக்கும் பந்தெறிதலுக்கும் டேப் வைத்து அளந்து மதிப்பெண் போட்டிருக்கிறார். வருடாவருடம் அதே பிள்ளைகள் முதலில், அதே பிள்ளைகள் கடைசியில். இது மதிப்பீடுதானா, வேறு எப்படிச் செய்வது என்று கேட்கிறார். மைதானம் ஐப்பசி, கார்த்திகையில் சேறாகிவிடும் என்பதையும் சொல்லியிருக்கிறார்.

டேப்பையும் ஸ்டாப் வாட்ச்சையும் கொஞ்ச நாள் பீரோவில் வையுங்கள் டீச்சர். இந்த வயதில் அவை காட்டுவது பெரும்பாலும் பிள்ளையின் உயரத்தையும் எடையையும் பிறந்த மாதத்தையும்தான். ஒரே வகுப்பில் ஜூனில் பிறந்தவனுக்கும் அடுத்த மே மாதம் பிறந்தவளுக்கும் ஏறக்குறைய ஒரு வருட வளர்ச்சி வித்தியாசம் இருக்கிறது. நீங்கள் எதுவுமே கற்றுக்கொடுக்காவிட்டாலும் அடுத்த வருடம் எல்லோரும் கூடுதல் தூரம் தாவுவார்கள், கால் நீண்டுவிடும் என்பதால். ஆகவே தூரம் கூடியதை வைத்து உங்கள் பாடம் பலித்ததா என்று சொல்ல முடியாது. பிள்ளை எப்படித் தாவுகிறாள் என்று பார்த்தால் சொல்லலாம்.

இப்படிப் பார்ப்பதற்கென்றே ஒரு சோதனை இருக்கிறது. அமெரிக்க ஆய்வாளர் டேல் உல்ரிக் 1985இல் வெளியிட்ட டி.ஜி.எம்.டி., அதாவது பிள்ளைகளின் உடல் அசைவுத் திறன் வளர்ச்சியைப் பார்க்கும் சோதனை. அதன் மூன்றாம் பதிப்பில் 13 திறன்கள்: ஓட்டம், நொண்டி, தாவல் போன்ற இடம்பெயர் திறன்கள் 6, எறிதல், பிடித்தல், உதைத்தல் போன்ற பந்துத் திறன்கள் 7. 3 வயதிலிருந்து 10 வயது 11 மாதம் வரைக்குமானது. ஒவ்வொரு திறனுக்கும் 3 முதல் 5 அடையாளங்கள். பிள்ளையை இரண்டு முறை செய்யச் சொல்லி, அடையாளம் தெரிந்தால் 1, தெரியாவிட்டால் 0. முழு மதிப்பெண் 100. அதில் வரும் வயதுவாரி ஒப்பீட்டு அட்டவணைகள் அமெரிக்கப் பிள்ளைகளை வைத்துப் போட்டவை, அவற்றை இங்கே ஒட்ட வேண்டாம். நமக்கு வேண்டியது அந்த அடையாளங்கள் மட்டும்.

13ஐயும் எடுத்துக்கொண்டால் ஒன்றும் நடக்காது. ஓட்டம், நொண்டி, துள்ளு நடை, நின்ற இடத்திலிருந்து தாவல், இரு கைப் பிடித்தல், தலைக்கு மேல் எறிதல் என ஆறு போதும். மட்டையால் அடிப்பதை விட்டுவிட்டதற்குக் காரணம், தென்னை மட்டையை வெட்டி வைத்துக்கொண்டு அறுவடை முடிந்த வயலில் பையன்கள் தாங்களாகவே கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். பெண் பிள்ளைகளுக்கு அந்த வயல் கிடைப்பதில்லை. எறிதலில் அவர்கள் பின்தங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். பாடவேளையில் நேரம் மிஞ்சினால் மட்டையை முதலில் அவர்கள் கையில் கொடுங்கள்.

சோதனைக்கு முன்னால் பந்து. 42 பேர் இரண்டு வரிசையில் நின்று ஒரு பந்தை மாறி மாறி எறிந்தால் 40 நிமிடத்தில் ஒருவருக்கு நாலைந்து எறி கிடைத்தாலே அதிகம். அதில் யாரும் எதையும் கற்க முடியாது. மூன்று பேருக்கு ஒரு பந்து, ஆக 14 பந்து வேண்டும். காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. நாளிதழ் நாலு தாளை இறுக்கிக் கசக்கி, பழைய காலுறையிலோ துணியிலோ பொதிந்து, பஞ்சரான சைக்கிள் ட்யூபை ஒரு சென்டிமீட்டர் அகல வளையங்களாக வெட்டி எட்டுப் பத்து வளையம் குறுக்கும் நெடுக்குமாக மாட்டினால் பந்து தயார். டென்னிஸ் பந்து அளவு, ஏறக்குறைய ஆறரை சென்டிமீட்டர், இருந்தால் போதும். மழைக்காலத்தில் தாள் ஊறிக் கனத்துவிடும், அப்போது உள்ளே பிளாஸ்டிக் கவர்களை அடையுங்கள். வெளியே சுற்றும் துணி சிவப்போ நீலமோ ஆக இருக்கட்டும். சுண்ணாம்படித்த வெள்ளைச் சுவருக்கு முன்னால் வெள்ளைப் பந்து வருவதைப் பிடிக்கிற பிள்ளையால் பார்க்க முடியாது, நாம் அவளுக்குப் பிடிக்கத் தெரியவில்லை என்று எழுதிவிடுவோம்.

பிடித்தலின் தொடக்கத்துக்குத் துணிப்பை நல்லது. 12 சென்டிமீட்டர் சதுரத்தில் இரட்டைத் தையல் போட்டு, 100 கிராம் போல் புளியங்கொட்டை. கால் பங்கு காலியாக விடுங்கள், அப்போதுதான் கையில் விழுந்ததும் தொய்ந்து நிற்கும், எகிறாது. நெல்லோ உளுந்தோ போட்டால் மறுவாரம் எலி பிரித்துவிடும்.

இனி எறிதல். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் தவறு அதிகம் நடப்பதும் சீக்கிரம் திருந்துவதும் இதில்தான். பார்க்க வேண்டிய அடையாளங்கள் நான்கு. கை முதலில் கீழே இறங்கிப் பின்னால் சுழன்று மேலே வருகிறதா. இடுப்பும் தோளும் திரும்பி, எறியாத பக்கம் குறியை நோக்குகிறதா. எறியும் கைக்கு எதிர்க்கால் முன்னே அடி வைக்கிறதா. எறிந்த பிறகு கை உடம்புக்குக் குறுக்கே எதிர் இடுப்பு வரை போகிறதா. பெயருக்குச் சுழல், பக்கம், கால், குறுக்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

நான்காம் வகுப்பில் வலது கைக்காரப் பெண் ஒருத்தி எறிவதாக வைத்துக்கொள்ளுங்கள். குறிக்கு நேர் முன்னால் நிற்கிறாள். பந்தைக் காதுக்குப் பக்கத்தில் தூக்குகிறாள், கை கீழே இறங்கவே இல்லை. முழங்கையை மட்டும் நீட்டித் தள்ளுகிறாள், கூடவே வலது காலும் முன்னே வருகிறது. பந்து மூன்று மீட்டரில் விழுகிறது. ‘கையில் பலம் இல்லை’ என்று நமக்குத் தோன்றும். பலத்துக்கும் இதற்கும் சம்பந்தம் மிகக் குறைவு. நேராக நின்றதால் உடம்பு திரும்ப இடமில்லை. உடம்பு திரும்பாததால் எறியும் பக்கமே மொத்தமாக முன்னே வர, அதே பக்கத்துக் காலும் வந்துவிட்டது.

இவளுக்கு நாலு குறையையும் ஒரே மூச்சில் சொல்லாதீர்கள். நிற்கும் நிலையை மட்டும் மாற்றுங்கள். தரையில் ஒரு கோடு போட்டு, இடது தோள் குறியைப் பார்க்கும்படி, இரண்டு பாதமும் சேர்த்துக் கோட்டின் மேல் பக்கவாட்டில் நிறுத்துங்கள். முன்கூட்டியே ஒரு காலை முன்னே வைத்து நிற்க விடக் கூடாது. வைத்துவிட்டால் அடி எடுத்து வைக்க வேலை இருக்காது. ஒரு பெரிய அடி தூரத்தில் பாத வடிவம் ஒன்று வரைந்து, ‘இடது காலை அங்க வைச்சுட்டு வீசு பாப்பா’ என்று சொன்னால் போதும். கால் சரியானால் பெரும்பாலும் இடுப்பும் தானே திரும்பும். அதற்கு அடுத்த வாரம், ‘எறிஞ்ச கை இந்தப் பக்கத்துப் பாக்கெட்டைத் தொடணும்’ என்று குறுக்கைச் சேர்க்கலாம். சுழலைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

குறி வைப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மூன்று மீட்டரில் ஒரு வட்டம் வரைந்து ‘சரியா அடி’ என்றால், நன்றாக எறிகிற பிள்ளைகூடக் காலை அசைக்காமல் முழங்கையால் குத்துவாள். பக்கத்தில் இருக்கிற சின்னக் குறிக்கு அந்த எறியே போதும். முழு உடம்பும் வேலை செய்ய வேண்டுமானால் தூரமும் வேகமும் கேட்க வேண்டும். 6 மீட்டர் தள்ளி நிறுத்தி, குறியைப் பெரிதாக்கி, ‘எவ்வளவு பலமா முடியுமோ அவ்வளவு பலமா’ என்று சொல்லுங்கள். இரண்டு வேப்ப மரங்களுக்கு நடுவில் கயிறு கட்டி, பிரித்துத் தைத்த நெல் சாக்குகளைத் தொங்கவிட்டால் சுவரும் அழுக்காகாது, பந்தும் அடித்த இடத்திலேயே விழும், பொறுக்க ஓடும் நேரம் மிச்சம். கை கொள்ளாத பெரிய பந்தைக் கொடுத்தால் தள்ளத்தான் செய்வார்கள். அது பந்தின் குற்றம். இடது கைப் பிள்ளையை ‘சோத்தாங்கையால எறி’ என்று மாற்றவும் வேண்டாம், கோடும் பாதமும் அவளுக்கு மறுபக்கம் வரைந்துகொடுத்தால் சரி.

பிடித்தலுக்கு அடையாளம் மூன்றே: கைகள் முழங்கை மடங்கி உடம்புக்கு முன் தயாராக இருப்பது, பந்தை நோக்கிக் கை நீள்வது, நெஞ்சில் அணைக்காமல் கையால் மட்டும் பிடிப்பது. முகத்தைத் திருப்பிக் கண்ணை மூடுகிற பிள்ளைக்குப் பெரும்பாலும் முன்பு ஒரு நாள் பந்து மூக்கில் பட்டிருக்கும். துணிப்பைக்குத் திரும்புங்கள்: தானே தூக்கிப் போட்டுப் பிடிப்பது, பிறகு இரண்டு மீட்டரில் தோழி கீழ்க்கையால் போடுவது, அப்புறம் துணிப்பந்து, கடைசியில் நாலரை மீட்டர். மதிப்பிடும்போது பந்து போடுகிறவர் நீங்களாக இருங்கள். இடுப்புக்கும் தோளுக்கும் இடையில் வராத பந்தைக் கணக்கில் எடுக்காதீர்கள். பிடிக்கிற பிள்ளை சூரியனைப் பார்த்து நிற்கக் கூடாது.

நொண்டியில் நம் ஊருக்கென்றே ஒரு விஷயம். நொண்டி விளையாட்டில் மடக்கிய காலைப் பின்னால் கையால் பிடித்துக்கொள்வார்கள். விளையாட்டுக்கு அது சரி, ஆனால் திறனின் பாதி அந்த மடக்கிய காலில்தான் இருக்கிறது. அது பின்னாலிருந்து முன்னே ஊசலாடித் தள்ள வேண்டும், கைகள் மடங்கி முன்னே வீச வேண்டும். கையால் பிடித்துவிட்டால் இரண்டும் போயிற்று. பாடத்தில் காலை விடச் சொல்லுங்கள். பாண்டி கட்டத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் கால் மாற்ற வேண்டும் என்று ஒரு விதி சேர்த்தால் பலவீனமான காலும் தேறும். தொடர்ந்து நாலு நொண்டு, கால் ஊன்றாமல், என்பது அளவு.

துள்ளு நடைதான் ஆறிலும் கடினம்: ஒரு காலில் அடி, அதே காலில் ஒரு நொண்டு, பிறகு மறு கால். வழக்கமான தவறு, ஒரு கால் துள்ளும், மறு கால் வெறுமனே நடக்கும். அந்த மறு காலில் தனியாக நொண்ட வராது என்பதுதான் காரணம், எனவே அங்கே போய்ச் சரிசெய்யுங்கள். தாளம் நன்றாக உதவும். மேசையில் நீட்டி ஒன்று, குறுக்கி ஒன்று: தாம்–த, தாம்–த. தவில் சத்தம் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு இது வாயால் சொல்லும் விளக்கத்தைவிடச் சீக்கிரம் காலில் ஏறும்.

தாவலுக்கு இரண்டு கயிற்றைத் தரையில் விரித்து வாய்க்கால் செய்யுங்கள்: ஒரு முனையில் 30 சென்டிமீட்டர் அகலம், மறு முனையில் ஒரு மீட்டர். எந்த இடத்தில் தாண்டுவது என்பது பிள்ளையின் விருப்பம். வரிசையில் நின்று எல்லார் முன்னாலும் தோற்கும் சங்கடம் இல்லை. இரு காலும் ஒன்றாகக் கிளம்பி ஒன்றாக இறங்க வேண்டும். கை பின்னால் போய், கிளம்பும்போது தலைக்கு மேல் வீசி, இறங்கும்போது கீழே வர வேண்டும். கயிற்றை உயர்த்திக் கட்டினால் பயத்தில் ஒரு காலை முன்னே விட்டுத் தாண்டுவார்கள். இறங்குவதைக் காதாலும் பார்க்கலாம்: ‘தொப்’ என்று கேட்டால் முழங்கால் மடங்கவில்லை. சாக்கைப் போட்டு அதன்மேல் குதிக்க விடாதீர்கள், வழுக்கும். கோடைக்குப் பின் வெடித்துக் கிடக்கும் களிமண் தரை கணுக்காலைத் திருகிவிடும், அந்த இடத்தை மண்வெட்டியால் கொத்திக் கல் பொறுக்கிச் சமன் செய்த பிறகே தாவல். கோடு போடச் சுண்ணாம்புத் தூள் வேண்டாம், கண்ணில் பட்டால் எரியும், கோலமாவு போதும்.

ஓட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கை மாறி மாறி, முழங்கை மடங்கி. இரு காலும் தரையை விட்டிருக்கும் ஒரு கணம். முழுப் பாதமும் தட்டையாகப் பதியாமல் இறங்குவது. பின்கால் மடங்கி மேலே வருவது. ரப்பர் செருப்போடு ஓடினால் இதில் பாதி தெரியாது. வெறுங்கால் என்றால் நெருஞ்சியும் கருவேல முள்ளும் பொறுக்கியாக வேண்டும்.

மதிப்பிடுவதில் பெரிய தடை நேரம். 42 பேரை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு நாலு அடையாளமும் பார்க்க முயன்றால் மற்ற 41 பேரும் சும்மா உட்கார்ந்திருப்பார்கள், உங்களுக்கும் கண் பூத்துவிடும். முதல் பாடவேளையில் ஒரே ஓர் அடையாளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் மூவர் மூவராக எறிந்துகொண்டிருக்கட்டும். நீங்கள் ‘எதிர்க்கால் வருகிறதா’ என்பதை மட்டும் பார்த்துக்கொண்டு நடங்கள். வராதவர்களின் பெயரை மட்டும் குறியுங்கள். 15 நிமிடத்தில் வகுப்பு முழுவதும் முடியும், அடுத்த பாடத்தில் யாருக்கு என்ன என்பதும் கையில் இருக்கும். ஒரு திறனுக்கு மூன்று வாரம், வாரம் இரண்டு பாடவேளை: முதலாவது இப்படி ஒரு கண்ணோட்டம், நடுவில் நாலு பயிற்சி, ஆறாவதில் முறையான மதிப்பீடு. மதிப்பீட்டு வேளையிலும் மற்றவர்கள் விளையாடிக்கொண்டே இருக்க, ஒரு குழுவை மட்டும் உங்கள் பக்கம் அழையுங்கள். ஒரு முறை பழக்கத்துக்கு, இரண்டு முறை கணக்குக்கு. முதல் எறியில் காலும் இடுப்பும், இரண்டாவதில் கை என்று பிரித்துப் பார்க்கத் தோன்றும், வேண்டாம். இரண்டிலும் எல்லாம் பார்க்கத் திணறினால் கூடுதலாக இரண்டு எறி கேளுங்கள்.

எங்கே நிற்பது என்பதும் முக்கியம். எறிதலுக்கு எறியும் கைப்பக்கத்தில், நாலைந்து மீட்டர் தள்ளி. நொண்டி, தாவல், ஓட்டத்துக்குப் பக்கவாட்டில். ஓட்டத்தில் கை உடம்பைக் குறுக்கே வெட்டுகிறதா என்று பார்க்க ஒரு தடவை எதிரே நில்லுங்கள். பிள்ளைக்குப் பின்னாலிருந்து பார்த்தால் கால் எது என்றே குழம்பும்.

நம் கண் நம்மை ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. வகுப்பில் சுறுசுறுப்பான பையனுக்கு அடையாளம் இல்லாமலே டிக் விழுந்துவிடும். அடுத்த வாரம் ஐந்து பேரைப் பழைய குறிப்பைப் பார்க்காமல் மறுபடி மதிப்பிடுங்கள். ஒன்றிரண்டு கட்டங்களுக்கு மேல் மாறினால் அடையாளத்தை நீங்களே தெளிவில்லாமல் வைத்திருக்கிறீர்கள் என்று பொருள். சந்தேகமானவர்களுக்கு மட்டும் கைப்பேசியில் ஸ்லோ மோஷன் எடுத்துப் பார்க்கலாம். பார்த்ததும் அழித்துவிடுங்கள், பள்ளி வாட்ஸ்அப் குழுவுக்கு அது போகவே கூடாது.

ஆறு திறனுக்கும் சேர்த்தால் 44 வரும்: பிடித்தலுக்கும் துள்ளு நடைக்கும் 6, மற்ற நான்குக்கும் எட்டெட்டு. இதைக் கூட்டி ரேங்க் போட வேண்டாம். தரம் கேட்கிறார்கள் என்றால் திறன் வாரியாக ஏ, பி, சி போடுங்கள், பெற்றோருக்கு ஒரு வரி எழுதுங்கள்: ‘எறியும்போது எதிர்க்கால் வைக்கிறாள், உடம்பு இன்னும் திரும்பவில்லை.’ ஜூன் வரியையும் மார்ச் வரியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்த வருடம் என்ன நடந்தது என்று அவர்களுக்கே விளங்கும்.

காலம் இப்படிப் பிரியும். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஓட்டமும் எறிதலும், காலை முதல் பாடவேளையிலோ கடைசியிலோ; சத்துணவு முடிந்த உடனே வேண்டாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மைதானத்தை மறந்துவிடுங்கள். ஈரமான வண்டல் மண்ணில் திரும்பும்போது வழுக்கினால் விழுவது மணிக்கட்டின் மேல்தான். தாழ்வாரத்தில் பாண்டி, துணிப்பைப் பிடித்தல், பெஞ்சை ஒதுக்கிய வகுப்பில் துள்ளு நடை. தாழ்வாரச் சிமெண்டும் சாரலில் வழுக்கும், துடைத்துவிட்டுத் தொடங்குங்கள். இடிச்சத்தம் கேட்டால் தாழ்வாரமும் வேண்டாம். பொங்கலுக்குப் பின் தரை காய்ந்ததும் தாவல், பிறகு ஆறுக்கும் மறு மதிப்பீடு.

50 மீட்டரை அறவே விட்டுவிடச் சொல்லவில்லை. மத்திய அரசின் கேலோ இந்தியா உடற்தகுதிச் சோதனையில் 4ஆம் வகுப்பிலிருந்து அது இருக்கிறது, 600 மீட்டர், உட்கார்ந்து எட்டுதல் போன்றவற்றோடு. 1 முதல் 3ஆம் வகுப்பு வரை பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடை), ஒற்றைக்கால் சமநிலை, தட்டு தட்டுதல் (இரண்டு வட்டங்களை ஒரு கையால் மாறி மாறி வேகமாகத் தொடுவது) மூன்றுதான். அங்கே ஓட்டமே இல்லை என்பதைக் கவனியுங்கள். அது உடற்தகுதி, இது திறன். இரண்டுக்கும் தனித்தனி நோட்டு போடுங்கள். எடையை எல்லார் முன்னாலும் வாய்விட்டுப் படிக்காதீர்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. எத்தனை வாரம் பழகியும் ஆறு திறனிலும் பின்தங்கி, கூடவே சட்டைப் பொத்தான் போடவும் பென்சில் பிடிக்கவும் சிரமப்படுகிற பிள்ளை இருக்கலாம். ‘வளர்ச்சிசார் ஒருங்கிணைப்புக் குறைபாடு’ என்கிற நிலை பள்ளி வயதுப் பிள்ளைகளில் 5, 6 சதவீதம் பேருக்கு இருப்பதாக மருத்துவ நூல்கள் சொல்கின்றன. 42 பேரில் இரண்டு பேர் என்று வரும். சோம்பேறி என்று பெயர் வாங்கியவர்களாகவே பெரும்பாலும் இருப்பார்கள். அதைக் கண்டறிவது நம் வேலை இல்லை, ஆனால் உங்கள் நோட்டு அங்கே உதவும். பள்ளிக்கு வரும் ஆர்.பி.எஸ்.கே. (தேசிய சிறார் நலத் திட்டம்) மருத்துவக் குழுவிடமோ வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரிடமோ காட்டும்போது, ‘விளையாட்டில் மந்தம்’ என்று எழுதாமல் கண்டதை எழுதுங்கள்: எந்தக் காலிலும் இரண்டு நொண்டுக்கு மேல் வரவில்லை, இரண்டு மீட்டரிலிருந்து போட்ட துணிப்பையைப் பத்தில் இரண்டு முறை பிடிக்கிறான், ஆறு வாரமாக மாற்றமில்லை, பொத்தான் போட உதவி வேண்டியிருக்கிறது. தேதியையும் போட்டுவிடுங்கள்.